வேலை பார்ப்பவர்கள்

ஊரும் பேரும் கேட்டு முடித்த பிறகு நாம் ஒருவரிடம் கேட்கும் மூன்றாவது கேள்வி, "என்ன வேலை பார்க்கிறீங்க?" என்பது. வருகிற பதிலை வைத்தே அவருக்கு நாற்காலி போடுவதா, திண்ணையைக் காட்டுவதா என்று நம் மனம் முடிவு செய்துவிடுகிறது. பெண் பார்க்கப் போகும் வீட்டிலும், வங்கிக் கடன் மனுவிலும், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் படிவத்திலும் அதே கேள்வி காத்திருக்கிறது. ஆள் இறந்த பின்பு பதிவுக்குக் கொடுக்கும் படிவத்தில்கூட அதற்கு ஒரு கட்டம் உண்டு: இறந்தவரின் தொழில். உயிர் போன பிறகும் விடாமல் துரத்தும் இந்தக் கேள்வியைக் கேட்கிற வேகத்தில், அதற்குள் இருக்கும் சொல் எதை அளக்கிறது, எதை அளக்காமல் விடுகிறது என்று நாம் நின்று யோசிப்பதில்லை.

திண்டுக்கல்லுக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கிறது கன்னிவாடி. ஒரு காலத்தில் பாளையம், இன்று பேரூராட்சி. இந்த ஊரிலும் சுற்றுப்பட்டிகளிலும் 'வேலை' என்ற சொல் பொழுது விடியும் முன்பே புழக்கத்துக்கு வந்துவிடும். ஷிப்டுக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன் வந்து நின்றால் அது மில் வேலை. தூக்குவாளியும் களைக்கொத்துமாக டாட்டா ஏஸில் ஏறுகிறவர்களுக்குக் காட்டு வேலை. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போகிறவருக்கு லோடு ஏற்றுகிற வேலை. சாந்துச் சட்டி தூக்கினால் கட்டட வேலை. அதிலும் கொத்தனார் வேலை வேறு, சித்தாள் வேலை வேறு. இவை எல்லாவற்றுக்கும் மேலே, எந்த அடைமொழியும் இல்லாமல் வெறுமனே 'வேலை' என்று சொன்னால் அது அரசாங்க வேலை. "பையனுக்கு வேலை கிடைச்சிருச்சு" என்று ஒரு தாய் தெருவில் சொன்னால், "எந்த வேலை?" என்று யாரும் கேட்பதில்லை.

அதே சொல்லோடு ஒரு விகுதியை ஒட்டிப் பாருங்கள். 'வேலையில் இருக்கிறார்' என்பதில் இருந்த மரியாதை 'வேலைக்காரர்' என்பதில் இறங்கிவிடுகிறது. 'வேலைக்காரி' என்றால் இன்னும் ஒரு படி கீழே. அண்ணாவின் நாடகம் 1949-ல் படமாக வந்தபோதும் அதன் பெயர் 'வேலைக்காரி'தான். அந்தச் சொல்லைத் தலைப்பில் தூக்கி வைத்ததிலேயே பாதிக் கலகம் முடிந்துவிட்டது என்பேன். பழைய இலக்கியத்தில் வேலை என்றால் கடல், கடற்கரை, காலம்; கம்பர் அதைக் கடலுக்கு எடுத்தாண்டார். உழைப்பைக் குறிக்கும் இடத்துக்கு அது எப்படி வந்து சேர்ந்தது என்பது அகராதிக்காரர்களின் ஆராய்ச்சி. நம் கவலை வேறு. வந்து சேர்ந்த பிறகு அந்தச் சொல் எவ்வளவு குறுகிவிட்டது, அந்தக் குறுகலுக்கு வெளியே நின்றுபோனவர்கள் யார் என்பதே நாம் பார்க்க வேண்டியது.

கன்னிவாடியின் எந்தத் தெருவிலும் பிற்பகலில் காதில் விழக்கூடிய பேச்சு இது:

"என்னக்கா, இன்னைக்கு வேலைக்குப் போகலையா?"

"இல்லத்தா, சும்மாதான் இருக்கேன். வீட்ல கொஞ்சம் சோலி கெடக்கு."

சும்மா இருப்பதாகவும் சோலி கிடப்பதாகவும் ஒரே மூச்சில் சொல்ல முடிகிறது. சொல்பவளுக்கும் கேட்பவளுக்கும் அதில் முரண் எதுவும் தென்படவில்லை. தெற்கத்திப் பேச்சில் சோலி என்பது செய்தே தீரவேண்டிய காரியம். வேலை என்பது வாசலைத் தாண்டிப் போய்ச் செய்வது, சாயந்திரம் கையில் காசு வருவது. வேலைக்கு ஆள் வேண்டும் என்று கேட்டு வருவார்கள். சோலிக்கு யாரும் கேட்டு வருவதில்லை, அது தானாக வந்து கிடக்கும். 'கிடக்கு' என்ற வினையைக் கவனியுங்கள். செய்கிறவர் யார் என்றே அந்த வாக்கியத்தில் இல்லை.

அந்தச் 'சும்மா'வுக்குள் இருப்பது என்ன? நாலரை மணிக்குக் கட்டுத்தரையில் சாணி அள்ளியது, பால் பீய்ச்சிச் சொசைட்டிக்கு ஊற்றியது, வாசல் தெளித்தது, குழாயில் தண்ணீர் வருகிற சிறிது நேரத்துக்குள் குடங்களை நிரப்பியது, பிள்ளைக்குத் தலை பின்னிவிட்டது, கணவனுக்கும் மகனுக்கும் தூக்குவாளி கட்டியது, படுக்கையோடு கிடக்கும் மாமியாரை ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகில் புண் விழாமல் துடைத்துவிட்டது, கன்றுக்குத் தண்ணீர் காட்டியது, ஊறப்போட்டதை ஆட்டி வைத்தது. இவற்றில் எது தவறினாலும் அந்த வீட்டில் வேறு யாரும் அன்று 'வேலை'க்குப் போக முடியாது. கூலி வரும் வேலைகள் எல்லாம் கூலி வராத ஒன்றின் தோளில் ஏறித்தான் விடிகாலை வேனுக்குப் போகின்றன.

படித்துவிட்டுத் தேர்வு எழுதிக்கொண்டிருக்கும் இளைஞனுக்கும் நாம் இதே சொல்லைத்தான் கொடுக்கிறோம். "மூணு வருஷமா சும்மா இருக்கான்." அவன் விஷயத்தில் அது வசை, அவள் விஷயத்தில் அது இயல்பு. ஓய்வே வேண்டாமென்று வேலைக்கு ஏங்குகிறவனையும் ஓய்வே காணாதவளையும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டோம். இதே சும்மாவைத்தான் அருணகிரிநாதரும் தாயுமானவரும் மனம் ஒடுங்கிய மேலான நிலைக்குப் பெயராக வைத்தார்கள். தைப்பூசத்துக்குப் பழனி நோக்கி நம் பக்கத்துச் சாலையில் நடக்கிற பக்தர்களில் எத்தனையோ பேர் அந்தச் சும்மாவைத் தேடிப் போகிறவர்கள். முனிவர்கள் தவமிருந்து எட்டிய சொல்லைக் கட்டுத்தரையில் நிற்பவள் எளிதாகச் சொல்லிவிட்டுப் போகிறாள், அதில் ஒரு துளி நிம்மதிகூட இல்லாமல்.

கூலி இல்லாத உழைப்பு நம் மொழியில் இப்படிக் கீழிறங்கியது இது முதல் முறையல்ல. 'வேலைவெட்டி' என்று சேர்த்துச் சொல்கிறோமே, அந்த வெட்டியைக் கவனிக்கலாம். சோழர் காலக் கல்வெட்டுகளில் வெட்டி என்பது ஊரார் கூலியின்றிச் செய்து தரவேண்டிய கட்டாய உழைப்பு. வரிப் பெயர்களோடு வரிசையில் வைத்தே அதைப் பொறித்திருக்கிறார்கள். ஏரிக்கரையை உயர்த்தவும் வாய்க்காலை வெட்டவும் அந்த உழைப்பு வேண்டியிருந்தது. இன்று நாம் குளித்துக் கும்பிட்டுப் பெருமைப்படும் எத்தனையோ குளங்களில் அந்த வெட்டி உழைப்பின் மண் இருக்கக்கூடும். ஆனால் சொல்லுக்கு நேர்ந்த கதி என்ன? வெட்டிப் பேச்சு, வெட்டிப் பயல், வெட்டியாகத் திரிகிறான். காசு பெறாத உழைப்புக்கான பெயரே பயனற்றதற்கான பெயராகிவிட்டது. அந்தக் கட்டாயச் சுமை எந்தச் சாதியின் தலையில் பரம்பரையாக ஏறியது என்பதற்கு 'வெட்டியான்' என்ற சொல்லே சாட்சி. இலவசமாக வாங்கிக்கொண்டதை மதிக்காமலிருப்பது மனித இயல்பின் பழைய அழுக்கு. மொழி அதைப் பாதுகாத்து வைத்திருக்கிறது. அரசியல் சட்டத்தின் 23-ஆம் பிரிவு கூலியற்ற கட்டாய உழைப்பைத் தடை செய்தது. சொல்லில் ஒட்டியிருக்கும் இழிவைத் தடை செய்ய எந்தப் பிரிவாலும் முடியாது. அதை வாயிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

நேர் எதிர்த் திசையில் பயணம் செய்த சொல் ஒன்றும் நம்மிடம் உண்டு: மெனக்கெடுவது. வினைகெடுதல் என்பதுதான் நாவில் தேய்ந்து அப்படி ஆயிற்று என்பார்கள். தன் வேலை கெட்டு, தன் பொழுதை இழந்து, இன்னொரு காரியத்துக்காக நிற்பது அதன் முதற்பொருள். அது நட்டக் கணக்கு. இன்று ஒருவர் மெனக்கெட்டுச் செய்தார் என்றால் அது பாராட்டு. "எனக்காக மெனக்கெட்டு வந்தியா?" என்று கேட்கும்போது நம் குரல் தழதழக்கிறது. வெட்டியும் இழப்புதான், மெனக்கெடலும் இழப்புதான். முதலாவது பிடுங்கப்பட்டது, அடுத்தது மனமுவந்து கொடுக்கப்பட்டது. நம் வீடுகளில் பெண்கள் செய்வது இந்த இரண்டில் எது என்ற கேள்விக்கு, நேர்மையாக யோசித்தால், அவ்வளவு விரைவில் பதில் சொல்லிவிட முடியாது. பல வீடுகளில் அது மெனக்கெடலாகத் தொடங்கி வெட்டியாக முடிகிறது.

சொல்லில் என்ன இருக்கிறது, வயிறு நிறைந்தால் போதாதா என்று ஒதுக்கவும் முடியாது. சொல் கணக்கேட்டுக்குப் போகிறது. கணக்கேட்டிலிருந்து நீதிமன்றத்துக்கும் கருவூலத்துக்கும் போகிறது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டுக் காரியம் பார்க்கும் பெண்கள் வேலை செய்யாதவர்கள் பட்டியலில், பிச்சை எடுப்போரோடும் சிறையில் இருப்போரோடும் ஒரே வகையில் வைக்கப்பட்டார்கள். விபத்தில் இறந்த ஓர் இல்லத்தரசிக்கான இழப்பீட்டு வழக்கில், 2010-ல் உச்ச நீதிமன்றம் இதை எடுத்துக்காட்டி வருந்தியது. ஒரு பெண் இறந்த பின்பு அவள் உயிருடன் இருந்தபோது செய்த வேலையின் மதிப்பு எவ்வளவு என்று காப்பீட்டு நிறுவனம் கேட்கிறது. வீட்டாரோ அவள் வேலைக்குப் போகவில்லை என்று வாழ்நாள் முழுதும் சொல்லி வந்திருக்கிறார்கள். இழப்பீடு குறைந்தால் யாரை நோவது? 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு தீர்ப்புச் சொன்னார். கணவன் வெளிநாட்டில் சம்பாதித்த பணத்தில் வாங்கிய சொத்தானாலும், வீட்டைத் தாங்கி நின்ற மனைவியின் உழைப்பும் அதில் சேர்ந்திருக்கிறது, ஆகவே அவளுக்குச் சமபங்கு உண்டு என்றார். அதே ஆண்டு செப்டம்பர் 15-ல் தமிழ்நாட்டு அரசு மாதம் 1000 ரூபாயை ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்குக் கொடுக்கத் தொடங்கியது. 'உதவித் தொகை' என்று பெயர் வைக்காமல் 'உரிமைத் தொகை' என்று வைத்தார்கள். ஆயிரம் ரூபாயால் ஒரு குடும்பத்தின் மாதம் ஓடாது என்பது கொடுத்தவர்களுக்கும் தெரியும். ஆனாலும் பெயரை வைத்தவர் யோசித்து வைத்திருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உதவி என்றால் கை நீட்ட வேண்டும். உரிமை என்றால் கேட்டு வாங்கலாம்.

எண்கள் வேண்டுவோருக்கு எண்களும் உண்டு. இந்திய அரசு 2019-ல் நாடு முழுவதும் மக்கள் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று ஆய்வு நடத்தியது. வீட்டாருக்காகச் சம்பளமில்லாமல் வீட்டு வேலை செய்வோரில் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதாகக் கண்டது. 2024-ல் மறுபடி எடுத்தபோது 289, 88. பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது என்று மகிழலாம். ஆணுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அவள் சுமையை இவன் வாங்கிக்கொண்டதாக இந்தக் கணக்கு சொல்லவில்லை.

பெயர் மாறினால் நிலை மாறும் என்பதைக் கன்னிவாடிப் பக்கத்து மக்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். 2006 பிப்ரவரியில் ஊரக வேலை உறுதித் திட்டம் 200 மாவட்டங்களில் தொடங்கியபோது, தமிழ்நாட்டில் முதலில் எடுத்துக்கொண்ட 6 மாவட்டங்களில் திண்டுக்கல்லும் ஒன்று. சட்டத்துக்கு நீண்ட பெயர். மக்கள் அதற்கு நூறு நாள் வேலை என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. மண்வெட்டியோடு வந்து நின்றவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். பல பெண்களுக்குத் தங்கள் பெயரை 'வேலை' என்ற சொல்லோடு சேர்த்து அரசு எழுதிக் கொடுத்த முதல் தாள் அந்த வேலை அட்டையாகத்தான் இருந்திருக்கும். இதில் ஒரு விந்தையும் இருந்தது. அந்தச் சட்டம் ஊரகத்துக்கானது என்பதால் பேரூராட்சி எல்லைக்குள் அது செல்லவில்லை. எல்லைக் கல்லைத் தாண்டினால், ரெட்டியார்சத்திரம் ஒன்றியத்து ஊராட்சிகளில் செல்லுபடியானது. மனுஷி அதே மனுஷி, மண் அதே மண். கல்லுக்கு அந்தப் பக்கம் வேலை, இந்தப் பக்கம் சும்மா.

அந்த வேலைக்கும் பழி வந்தது. "மரத்தடியில் சும்மா உட்கார்ந்து காசு வாங்குகிறார்கள்" என்று டீக்கடைகளில் பேசாத நாள் இல்லை. உச்சி வெயிலில் வரத்து வாய்க்காலைத் தூர்வாரிவிட்டு அறுபது வயதுக்காரி அரை மணி நேரம் நிழலில் அமர்ந்தால் அது சும்மா. மின்விசிறிக்குக் கீழே கோப்பை மூடிவைத்துவிட்டு ஒருவர் டீ குடிக்கப் போனால் அது வேலை நேரம். ஒருவரின் ஓய்வைக்கூட நாம் அவருடைய படியைப் பார்த்துத்தான் அளக்கிறோம்.

ஆனாலும் நம் மொழியின் மீது நம்பிக்கை இழக்க எனக்கு மனம் வரவில்லை. பெயர்ச்சொல்லில் தவறவிட்டதை அது வினைச்சொல்லில் பத்திரமாக வைத்திருக்கிறது. நாம் வேலையைச் 'செய்கிறோம்' என்பதைவிட வேலை 'பார்க்கிறோம்' என்றுதானே அதிகம் சொல்கிறோம்? விவசாயம் பார்க்கிறார். மாடு கன்று பார்க்கிறார். வைத்தியம் பார்த்தார், பிரசவம் பார்த்தார், கணக்குப் பார்க்கிறார். பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறாள், மாமியாரைப் பார்த்துக்கொள்கிறாள். கூலி வாங்கும் காரியத்துக்கும் வாங்காத காரியத்துக்கும் தமிழன் ஒரே வினையைத்தான் வைத்தான். யாரும் திட்டமிட்டு வைத்ததல்ல. உழைத்து உழைத்து உடம்பு கண்டுகொண்டதை நாக்கு சொல்லியிருக்கிறது.

சின்ன வெங்காயத்தில் களை எடுக்கிறவளை அருகில் உட்கார்ந்து பார்த்தால் இது விளங்கும். நடவு முடிந்து சில நாளில் பாத்தியெங்கும் கோரை முளைத்துவிடும். இளம்பயிரில் வெங்காயத் தாளும் கோரையும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றே. பச்சையும் ஒன்று, உயரமும் ஒன்று. தாளின் உள்ளே கூடு, தொட்டால் உருளை. கோரையின் தண்டுக்கு மூன்று விளிம்பு. குத்துக்காலிட்டு நகர்ந்துகொண்டே, இடது கையால் தாளை ஒதுக்கி, வலது கைக் கொத்தின் நுனியைக் கோரையின் கிழங்குவரை இறக்கி, பக்கத்து வெங்காயத்தின் வேர் அசையாமல் எடுக்க வேண்டும். கிழங்கு அறுந்து உள்ளே தங்கினால் கோரை மறுபடி முளைக்கும். அவள் வாய் ஊர்க்கதை பேசும், கண் மட்டும் பாத்தியை விட்டு நகராது. கையின் வலுவை யார் வேண்டுமானாலும் கூலிக்குக் கொடுக்கலாம். அந்தக் கண்ணைக் கொடுப்பதுதான் வேலை. படுக்கையில் கிடக்கும் முதியவரின் முதுகில் எந்த இடம் சிவந்திருக்கிறது என்று மாலையில் பார்ப்பதும் அதே கண்.

இங்கே நாம் ஒரு தெளிவுக்கு வருகிறோம். தன்னைத் தவிர்த்த ஒன்றின் மேல், அது பயிரோ பசுவோ பிள்ளையோ பூட்டோ கணக்கோ, ஒருவர் தன் கவனத்தை விடாமல் வைத்து, அதன் நன்மைக்காகத் தன் பொழுதைக் கரைப்பதே வேலையின் உள்ளியல்பு. கூலி என்பது அந்த வேலைக்குச் சந்தை தரும் பதிலே தவிர, வேலையை வேலையாக்குவது அதுவல்ல. ஆகவே கூலி வராததால் ஒரு வேலை வேலையாக இல்லாமல் போவதுமில்லை, கூலி வருவதாலேயே கவனமற்ற ஒரு செயல் வேலையாகிவிடுவதுமில்லை. நம் இலக்கண ஆசிரியர்கள் ஒரு வாக்கியத்துக்கு உயிர் தரும் சொல்லை வினை என்றார்கள். நம் சமய ஆசான்கள் பிறவிகள்தோறும் தொடரும் செயலின் விளைவை வினை என்றார்கள். வள்ளுவர் அறத்துப்பாலின் கடைசியில் ஊழை வைத்துவிட்டு, பொருட்பாலில் ஆள்வினையுடைமை என்று தனி அதிகாரமே வைத்து, ஊழுக்கு எதிரே மனித முயற்சியை நிறுத்தினார். இவர்கள் எவருடைய வினையிலும் சம்பளச் சீட்டு இல்லை; செய்பவர் இருக்கிறார், செய்யப்படுவது இருக்கிறது, அதனால் உலகில் ஏற்படும் மாற்றம் இருக்கிறது, அந்த மாற்றத்துக்குச் செய்தவர் பொறுப்பாகிறார். அவ்வளவு பெரிய சொல்லை வைத்திருந்த நாம், யாரோ ஒருவர் காசு கொடுக்க முன்வந்தால்தான் ஒரு மனிதச் செயல் மெய்யாகிறது என்று நம்பும் இடத்துக்கு எப்படி வந்தோம் என்பதை எண்ணிப் பார்த்தால், வறுமைப்பட்டது வீட்டுப் பெண்ணின் உழைப்பல்ல, அதைக் காணத் தவறிய நம் பார்வைதான் என்பது புரியும்.

உலகமும் இதைத் தாமதமாகத்தான் கற்றுக்கொள்கிறது. 1975 அக்டோபர் 24 அன்று ஐஸ்லாந்தில் பத்தில் ஒன்பது பெண்கள் அலுவலகத்திலும் அடுப்படியிலும் கை வைக்காமல் வெளியே வந்தார்கள். அன்றைக்கு அந்த நாடு நின்றது. 2013-ல் ஜெனீவாவில் கூடிய உலகத் தொழிலாளர் புள்ளியியலாளர் மாநாடு, 'வேலை' வேறு, 'வேலைவாய்ப்பு' வேறு என்று பிரித்து, வீட்டாருக்காகச் செய்யும் சம்பளமில்லா உழைப்பும் வேலையே என்று வரையறுத்தது. கட்டுத்தரையில் நிற்பவளுக்கு ஜெனீவாவின் சான்றிதழ் தேவைப்பட்டிருக்க வேண்டாம்தான்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். எழவும் வேண்டும். தாயின் அன்பையும் மனைவியின் பரிவையும் வேலை என்று சொல்லி விலைப்பட்டியல் போடலாமா? வீட்டையும் மில்லாக்கிவிடுவதா? இந்தக் கேள்வி கேட்பவர்களில் உள்ளன்போடு கேட்பவர்கள் உண்டு. வசதிக்காகக் கேட்பவர்கள் அதைவிட அதிகம். பெயர் சொல்வது விலை சொல்வதாகாது. மருத்துவர் பரிவோடு வைத்தியம் பார்க்கிறார்; அதனால் அது வேலையில்லை என்று நாம் சொல்வதில்லை. ஆசிரியர் அன்போடு சொல்லித் தருகிறார். அந்த அன்பைக் காரணம் காட்டி அவருக்கு விடுமுறையை மறுப்பதில்லை. அன்பு வேலைக்கு எதிர்ப்பதம் என்று வீட்டுப் பெண்ணின் விஷயத்தில் மட்டும் நமக்குத் தோன்றுவது ஏன்? அவளைக் குலவிளக்கு என்றும் தெய்வம் என்றும் புகழ்வதில் நாம் கஞ்சத்தனம் காட்டியதே இல்லை. தெய்வத்துக்குக் கூலி கொடுக்க வேண்டாம், தெய்வத்துக்குக் காய்ச்சல் வராது, தெய்வம் ஞாயிற்றுக்கிழமை கேட்காது. மனுஷி என்று ஒப்புக்கொண்டால்தான் இவற்றையெல்லாம் கொடுக்க வேண்டிவரும்.

வேலைக்குப் பெயர் கிடைத்தால் அதற்கு ஒரு முடிவு நேரமும், ஓய்வும், பங்கு போட்டுக்கொள்ள இன்னொரு கையும் கேட்க வழி பிறக்கிறது. எட்டு மணி நேர வேலைக்காக உலகத் தொழிலாளர்கள் போராடியதும், 1923 மே முதல் நாளில் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடியதும் அப்படிக் கேட்டதன் விளைவுகள்தாம். அடுப்படிக்கு இன்னும் மே தினம் வரவில்லை. வந்தால் அன்பு குறைந்துவிடாது. அன்புக்குக் கொஞ்சம் நேரம் கிடைக்கும்.

இதற்கெல்லாம் அரசையும் நீதிமன்றத்தையும் எதிர்பார்த்துக் காத்திருக்கத் தேவையில்லாத ஒரு காரியம் நம் கையிலேயே இருக்கிறது. அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆட்களை எண்ணும் பணி நம் பக்கம் 2027 பிப்ரவரியில் நடக்கவிருக்கிறது. முந்தைய கணக்கெடுப்புகளின் விதிப்படியே சொந்தக் காட்டில் கூலியில்லாமல் பாடுபடுகிறவரும், வீட்டுத் தேவைக்கே ஆனாலும் மாடு வைத்துப் பால் கறக்கிறவரும் வேலை செய்பவர்தான். சமையலும் பிள்ளை வளர்ப்பும் அந்த விதிக்குள் வரவில்லை என்பது தனிச் சண்டை. அதை விடாமல் போட வேண்டும். விதிக்குள் வருகிற வேலையாவது தாளில் ஏற வேண்டாமா? கணக்கெடுப்பவர் வாசலில் நின்று "அம்மா என்ன வேலை பார்க்கிறாங்க?" என்று கேட்கும்போது, திண்ணையில் உட்கார்ந்திருக்கிறவர் "அது சும்மா வீட்லதான் இருக்கு" என்று முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறார், ஒரு ஆயுளின் உழைப்பு ஒரு நொடியில் அழிந்துபோகிறது. இந்த முறை அந்தப் பதிலைச் சொல்லாதீர்கள். உள்ளே இருப்பவரை வெளியே கூப்பிடுங்கள். மாட்டைப் பற்றியும் வெங்காயக் காட்டைப் பற்றியும் அவரே சொல்லட்டும். எழுதி முடிகிறவரை கூட நில்லுங்கள்.